நிரல்மொழிகளுக்குப் படியளப்பவர்கள்

2021 நவம்பரில் நிகிதா போபோவ் வேலை மாறினார். ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு பி.எச்.பி. மொழியின் உள்ளகத்தைக் கவனித்துவந்தவர், இனி எல்.எல்.வி.எம். கம்பைலர் பக்கம் போகப்போவதாக அறிவித்தார். ஒரு மென்பொருளாளர் வேலை மாறுவதெல்லாம் செய்தியா என்று தோன்றலாம். அப்போது உலகின் இணையதளங்களில் முக்கால்வாசிக்கு மேல் பி.எச்.பி.யில் ஓடிக்கொண்டிருந்தன. விக்கிப்பீடியா அதில்தான், வேர்டுபிரஸ் அதில்தான். ஆனால் அந்த மொழியை இதே வேகத்தில் முன்னே நகர்த்தும் அளவுக்கு அதன் எஞ்சினை அறிந்தவர்கள் இரண்டே பேர்தான் இருக்கக்கூடும் என்று, அதன் மைய நிரலாளர்களில் ஒருவரான ஜோ வாட்கின்ஸ் அதே ஆண்டு மே மாதம் எச்சரித்திருந்தார். ஒருவர் டிமித்ரி ஸ்டோகோவ். மற்றவர் போபோவ்.

போபோவ் விலகும் செய்தியும் பி.எச்.பி. அறக்கட்டளை தொடங்கும் செய்தியும் சேர்ந்தே வந்தன. ஜெட்பிரெயின்ஸ் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. ஆட்டோமேட்டிக், லாராவெல், சிம்ஃபனி என்று பி.எச்.பி.யால் பிழைக்கும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மறு ஆண்டே நிரலாளர்கள் சிலரை ஒப்பந்த அடிப்படையில் அமர்த்த முடிந்தது. 1995-இல் வெளிவந்த மொழி தன் பராமரிப்புக்கென்று ஒரு நிதி ஏற்பாட்டைச் செய்துகொள்ள 26 ஆண்டுகள் ஆயின. அதுவும் ஒருவர் கிளம்பும்போது.

நிரல்மொழியை விலைக்கு விற்ற காலம் ஒன்று இருந்தது. 1983-இல் போர்லாண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு விற்றபோது, இவ்வளவு மலிவா என்று ஊரே வாங்கியது. 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மனின் ஜி.சி.சி. கம்பைலர் கட்டற்ற மென்பொருளாக வந்தது. லாரி வாலின் பெர்லும் அதே ஆண்டு வந்தது. அதன் பிறகு கம்பைலருக்குக் காசு கொடுப்பது என்ற பழக்கம் மெல்ல மறைந்தே போயிற்று. இன்று ஒருவர் புதிய மொழியை உருவாக்கி அதற்கு விலை வைத்தால், அதை யாரும் கற்கப்போவதில்லை. கற்பவர் இல்லாத மொழிக்கு நூலகங்கள் எழுதுபவரும் இருக்க மாட்டார்.

இலவசமாகத்தான் தர வேண்டும் என்றால் செலவை யார் ஏற்பது, வெளியாட்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்ற இரு கேள்விகள் எழுகின்றன. பொதுவாக இவற்றைத் தனித்தனியாகவே பேசுகிறார்கள். நிதி என்றால் ஒரு குழு, புதியவர்களை ஊக்குவிப்பது என்றால் இன்னொரு குழு. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். வந்து குவியும் பேட்சுகளை, அதாவது பிறர் அனுப்பும் நிரல் திருத்தங்களைப் படித்து, இது வேண்டும், இது வேண்டாம், இதை இப்படித் திருத்தி எழுது என்று சொல்பவர். கடந்த கால் நூற்றாண்டில் நடந்த முயற்சிகளை வரிசையாகப் பார்த்தால், வென்றவையும் தோற்றவையும் பெரும்பாலும் அந்த ஆளை வைத்தே பிரிகின்றன என்பது என் கணிப்பு.

ஒரே புரவலர்

மிக எளிய வழி, ஒரு பெரிய நிறுவனமே மொத்தச் சம்பளத்தையும் கொடுத்துவிடுவது. கோ மொழிக்குக் கூகுள், ஸ்விஃப்டுக்கு ஆப்பிள், கோட்லினுக்கு ஜெட்பிரெயின்ஸ், சி ஷார்ப்புக்கு மைக்ரோசாஃப்ட். இவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நிறுவனத்துக்கு அந்த மொழியால் வேறு ஆதாயம் இருக்கும்வரை சம்பளம் வரும்.

ஆதாயம் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரஸ்ட் மொழியின் கதை இருக்கிறது. 2006-இல் கிரேடன் ஹோர் சொந்த முயற்சியாகத் தொடங்கியதை 2009-இல் மொசில்லா ஏற்றுக்கொண்டது. 2015 மே மாதம் 1.0 வெளிவந்தது. 2020 ஆகஸ்டில் மொசில்லா ஏறத்தாழ 250 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது, ரஸ்ட்டோடு தொடர்புடையவர்கள் பலரும் அதில் போனார்கள். மொழி சாகவில்லை. அதற்குள் அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள், ஹுவாவே ஆகியவை ரஸ்ட்டை நம்பி வேலை செய்யத் தொடங்கியிருந்தன. மொசில்லாவையும் சேர்த்து அந்த ஐந்து நிறுவனங்களும் 2021 பிப்ரவரியில் ரஸ்ட் அறக்கட்டளையைத் தொடங்கின.

பைத்தானுக்கு ஒரே புரவலர் என்று யாரும் இருந்ததில்லை. ஆனாலும் அடி விழுந்தது. 2024 ஏப்ரலில் கூகுள் தன் அமெரிக்கப் பைத்தான் குழுவைக் கலைத்தது. மறு ஆண்டு மே மாதம் மைக்ரோசாஃப்ட், பைத்தானின் வேகத்தைக் கூட்டுவதற்கென்றே அமர்த்தியிருந்த குழுவில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டது. இரண்டு நிறுவனங்களும் அந்த ஆண்டுகளில் நஷ்டத்தில் ஓடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம். எல்ம் மொழியை உருவாக்கிய எவன் சாப்லிக்கி 2023-இல் மொழிகளின் பொருளாதாரம் குறித்தே தனியாக ஓர் உரை நிகழ்த்தினார். மொழிகளுக்குள் நடப்பது சமமான போட்டி அல்ல, பின்னால் இருக்கும் பணப்பையும் சேர்ந்தே ஓடுகிறது என்பதை மொழி ஆர்வலர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

நல்கை, சன்மானம், மாதச் சம்பளம்

பெர்ல் சமூகம்தான் முதலில் துணிந்து கைநீட்டியது. 2001-இல் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழக ஆசிரியர் டேமியன் கான்வே ஓராண்டு பெர்லுக்காகவே உழைக்கப் பணம் திரட்டினார்கள். அடுத்த ஆண்டு கான்வேயோடு லாரி வாலுக்கும் டான் சுகால்ஸ்கிக்கும் நல்கை கிடைத்தது. இந்தப் பணம் பெரும்பாலும் 2000-இல் அறிவிக்கப்பட்ட பெர்ல் 6 என்ற கனவை நோக்கியே போனது. 2008-இல் இயன் ஹேக் என்பவர் தனியாளாக இரண்டு லட்சம் டாலர் கொடுத்தார். பெர்ல் 6-இன் முதல் முழுப் பதிப்பு 2015 டிசம்பரில் வந்தது. 2019-இல் அதன் பெயரும் ராக்கு என்று மாறிவிட்டது. பணம் இருந்தது, மேதைகள் இருந்தார்கள், ஆனால் காலம் காத்திருக்கவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பெர்ல் 5-க்கு நடந்த, அவ்வளவாகப் பேசப்படாத காரியம். 2010 வாக்கில் டேவ் மிட்செல் என்ற நிரலாளருக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்கத் தொடங்கினார்கள். வேலை, யாரும் தொட அஞ்சும் பழைய வழுக்களைத் தீர்ப்பது. புதிய அம்சம் எதையும் செய்து தருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுக்கத் தேவையில்லை. எத்தனை மணி நேரம் உழைத்தார், எந்த வழுவைத் தொட்டார் என்று கணக்குக் கொடுத்தால் போதும். பின்னர் நிக்கலஸ் கிளார்க்குக்கும் இதே ஏற்பாடு. புக்கிங் டாட் காம் போன்ற, பெர்லில் ஓடும் நிறுவனங்கள் இதற்குப் பணம் தந்தன. இன்னதைச் செய்து முடிப்பேன் என்று எழுதிக்கொடுத்து வாங்கும் நல்கைகளில் சில பாதியில் ரத்தாயின. மணிக்கூலி அப்படிக் கவிழ வாய்ப்பில்லை.

இதற்கு நேர் எதிரான முறை சன்மானம். இந்த வழுவைச் சரிசெய்பவருக்கு 200 டாலர் என்று அறிவித்துவிட்டுக் காத்திருப்பது. கேட்க நியாயமாக இருக்கும். டி மொழிக்கு 2013-இல் ஃபேஸ்புக் இப்படிச் சன்மானம் அறிவித்தது. பவுன்டிசோர்ஸ் என்ற தளம் இதையே தொழிலாக நடத்தியது. கிரிஸ்டல் போன்ற சிறு மொழிகள் மாத நன்கொடைக்கும் அதையே நம்பியிருந்தன. தளம் கைமாறியது. 2020 ஜூனில், இரண்டு ஆண்டுகள் யாரும் பெறாத சன்மானத்தைத் தானே வைத்துக்கொள்வேன் என்று விதியை மாற்றப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. 2023-இல் பணமே வெளியே வரவில்லை.

தளம் நேர்மையாக நடந்திருந்தாலும் முறை தேறியிருக்காது. ஒரே வழுவுக்கு நான்கு பேர் ரகசியமாக உழைப்பார்கள். ஒருவருக்குப் பணம், மூவருக்கு வீண். ஜெயித்தவர் அடுத்த சன்மானத்தைத் தேடிப் போய்விடுவார். அவர் எழுதியது ஆறு மாதம் கழித்து உடைந்தால் அதைச் சரிசெய்வது பழைய பராமரிப்பாளர். நான்கு பேட்சையும் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அவருக்கு அந்த 200 டாலரில் ஒரு சென்ட் கிடையாது. ஸிக் மொழியின் அறக்கட்டளை, சன்மானங்கள் கட்டற்ற மென்பொருளைக் கெடுக்கின்றன என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஆத்திரத்தில் எழுதியது போலத் தெரிந்தாலும் வாதம் சரிதான்.

மூன்றாவது முறை ஜாங்கோவிலிருந்து வந்தது. அது பைத்தானில் எழுதப்பட்ட இணையச் சட்டகம். 2014-இல் அதன் அறக்கட்டளை டிம் கிரகாமை ஃபெல்லோ என்ற பெயரில் சம்பளத்துக்கு அமர்த்தியது. வந்திருக்கும் டிக்கெட்டுகளைத் தரம் பிரிப்பது, தன்னார்வலர்கள் அனுப்பும் பேட்சுகளை ரிவ்யூ செய்வது, பதிப்புகளை நேரத்தில் வெளியிடுவது என்பதே பணி. புதிய அம்சங்களைத் தன்னார்வலர்கள் எழுதட்டும், அவர்கள் எழுதுவது கிடப்பில் கிடக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கட்டும் என்ற ஏற்பாடு. பைத்தான் அறக்கட்டளை இதையே முன்மாதிரியாகக் கொண்டு, 2021-இல் கூகுள் தந்த பணத்தில் வூகாஷ் லாங்காவை உறைவிட நிரலாளராக அமர்த்தியது. பின்னர் மெட்டா, புளூம்பெர்க் பணத்தில் அந்தப் பதவிகள் பெருகின. 2025 இறுதியில் ரஸ்ட் அறக்கட்டளையும் பராமரிப்பாளர்களுக்கென்று ஒரு நிதியை அறிவித்தது.

நம் பழைய கல்வெட்டுகள் இந்த ஏற்பாட்டை நன்றாக அறிந்தவை. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடை. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்தக் கொடை கோபுரம் எழுப்பக் கொடுத்தது அல்ல, நாளையும் விளக்கு எரிவதற்குக் கொடுத்தது. நிரல்மொழிகளுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி இன்னும் கோபுரத்துக்கே வருகிறது.

கதவைத் திறப்பதும் காப்பதும்

பணமே இல்லாமல் ஆட்களைச் சேர்த்த கதைகளும் உண்டு. அவற்றில் மிக அழகானது பக்ஸ். 2005 பிப்ரவரியில் ஆட்ரி டாங், இன்னும் முடிவாகாத பெர்ல் 6-ஐ ஹாஸ்கல் மொழியில் செயல்படுத்திப் பார்க்கத் தொடங்கினார். பின்னாளில் தைவானின் டிஜிட்டல் அமைச்சரான அதே ஆட்ரி டாங். கேட்டவருக்கெல்லாம் கமிட் உரிமை, அதாவது மூலநிரலை நேரடியாக மாற்றும் உரிமை, கொடுத்தார். நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகு உரிமை என்ற வழக்கத்தைத் தலைகீழாக்கி, முதலில் உரிமை, மற்றதெல்லாம் பிறகு என்றார். 200-க்கும் மேற்பட்டோர் உள்ளே வந்தார்கள், கலாட்டா எதுவும் நடக்கவில்லை. ரூபிக்கு எழுதப்பட்ட ருபினியஸும் ஒரு பேட்ச் ஏற்கப்பட்டாலே கமிட் உரிமை என்ற விதியை வைத்திருந்தது. ஆட்ரி டாங் ஒதுங்கியதும் பக்ஸ் தளர்ந்தது. ஆனால் அந்தக் கூட்டம் எழுதிக் குவித்த சோதனைத் தொகுப்பு ராக்குவின் அதிகாரபூர்வச் சோதனைகளாக இன்றும் வாழ்கிறது. யாரும் பரிசு அறிவிக்காமல், வேடிக்கைக்காகச் செய்த வேலை அது.

ரஸ்ட் வேறு விதமாகச் செய்தது. எளிய வழுக்களுக்கும், வழிகாட்ட ஆள் இருக்கும் வழுக்களுக்கும் தனித்தனி முத்திரை. முதன்முறை வருபவரை வரவேற்று, உன் பேட்சைப் பார்க்கப்போவது இன்னார் என்று சொல்லும் ஒரு பாட். ஒவ்வொரு பதிப்பிலும் பங்களித்த எல்லோர் பெயரையும் போடும் ஒரு நன்றிப் பக்கம். இதில் முக்கியமானது பாட் சொல்லும் அந்த ஒரு பெயர். தான் அனுப்பியதை ஒரு மனிதர் படிப்பார் என்று தெரிந்தால்தான் புதியவர் இரண்டாவது பேட்ச் எழுதுவார்.

இதையெல்லாம் மறந்துவிட்டுக் கூட்டம் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதை 2020 அக்டோபர் காட்டியது. டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் நடத்திவரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற பங்களிப்பு இயக்கத்தில், நான்கு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) அனுப்பினால் அப்போது ஒரு டி-ஷர்ட் தந்தார்கள். இந்தியாவில் பெருங்கூட்டம் பின்தொடரும் ஒரு யூடியூப் சேனல், ஒரு ரீட்மீ கோப்பில் நாலு வார்த்தை சேர்த்து அனுப்புவது எப்படி என்று செய்து காட்டியது. அவ்வளவுதான். மாதத்தின் முதல் நாளே உலகெங்கும் பராமரிப்பாளர்கள் குப்பையில் மூழ்கினார்கள். மூன்றாம் நாள், சம்மதம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2023-இல் டி-ஷர்ட் தருவதையும் நிறுத்தினார்கள். நம் மாணவர்களைத் திட்டி ஓய்ந்தவர்கள் உண்டு. எனக்கு அவர்கள்மேல் அவ்வளவு கோபமில்லை. எண்ணிக்கைக்குப் பரிசு என்று அறிவித்தால் எண்ணிக்கைதான் வரும். வேலைக்கான பயோடேட்டாவில் ஒரு வரி சேர்க்கத் துடிப்பவனிடம், பராமரிப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கும் தூக்கம் உண்டு என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது அந்தச் சுமை வேறு வடிவில் வருகிறது. 2025 நவம்பரில் ஓகேமல் மொழிக்கு, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய 13,000 வரிகளுக்கு மேற்பட்ட ஒரே புல் ரிக்வெஸ்ட் வந்தது. வழுநீக்கத் தகவல்களைச் சேர்க்கும், உண்மையிலேயே பயனுள்ள அம்சம். பராமரிப்பாளர்கள் அதை ஏற்காமல் மூடினார்கள். நிரல் ஓடுகிறதா இல்லையா என்பதைவிட, அதைப் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்பதே பெரிய சிக்கலாக இருந்தது. எழுதும் உழைப்பு சரிந்துவிட்டது, படிக்கும் உழைப்பு அப்படியே நிற்கிறது. ஸிக் செயற்கை நுண்ணறிவு எழுதிய பங்களிப்புகளை முற்றாகத் தடை செய்துவிட்டது.

லுவா இந்தத் தொல்லைகளை அறியாது. 1993-இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி அது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது, ஆனால் வெளியார் எழுதிய நிரலை மூலத்தில் சேர்ப்பதில்லை. ஆலோசனை சொல்லலாம், வழு காட்டலாம். எழுதுவது அதை உருவாக்கிய மூவர் குழு. அவர்களுக்குக் கல்வி, ஆய்வு நிறுவனங்களின் சம்பளம் இருக்கிறது, மொழியும் சிறியது. எல்லா மொழியும் இப்படி இருக்க முடியாது. ஆனால் சமூகப் பங்களிப்பு என்பது தானாகவே நன்மை என்று மேடைகளில் பேசுபவர்கள் லுவாவை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

சில்லறையும் அரசுப் பணமும்

பயனர்களின் சிறு நன்கொடைகளில் மட்டும் ஒரு மொழி ஓடுமா? ஸிக் ஓடிக் காட்டியது. ஆண்ட்ரூ கெல்லி 2018-இல் வேலையை விட்டு நன்கொடையை நம்பி இறங்கினார். 2020-இல் லாபநோக்கற்ற அறக்கட்டளை அமைத்தார். வரவு செலவை வெளியிடுகிறார்கள், பணத்தின் பெரும்பகுதி நிரலாளர்களின் கூலிக்கே போகிறது. பெரிய தொகைகள் பின்னர்தான் வந்தன. 2024-இல் மிட்செல் ஹாஷிமோட்டோ என்ற நிரலாளரின் குடும்பம் மூன்று லட்சம் டாலர், மறு ஆண்டு சினடியா, டைகர்பீட்டில் நிறுவனங்கள் சேர்ந்து 5,12,000 டாலர். 2025 இறுதியில் நிரல்களை வைக்கும் தளமான கிட்ஹப்பை விட்டு அதேபோன்ற கோட்பெர்குக்குக் குடிபெயர்ந்தபோது, கிட்ஹப் வழியாக வந்துகொண்டிருந்த நன்கொடையை இழக்கும் துணிச்சலும் அவர்களுக்கு இருந்தது. க்ளோஜர் மொழியின் உலகில் க்ளோஜரிஸ்ட்ஸ் டுகெதர் என்ற அமைப்பு, உறுப்பினர்களிடம் சந்தா வாங்கி, எந்த நூலகத்துக்குப் பணம் தேவை என்று அவர்களையே கேட்டுப் பகிர்கிறது. க்ளோஜரை உருவாக்கிய ரிச் ஹிக்கி முதலில் சொந்தச் சேமிப்பில் உழைத்தவர். 2020-இல் அவருடைய நிறுவனத்தைப் பிரேசிலின் நூபேங்க் வாங்கியது. ஒரு வங்கி தன் கணினியமைப்பு எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியையே வாங்கிப் பாதுகாத்துக்கொண்டது என்று சொல்லலாம்.

அரசுகளில் ஜெர்மனி முன்னே நிற்கிறது. 2022-இல் தொடங்கிய சாவரின் டெக் ஃபண்ட், சாலையும் பாலமும் போல மென்பொருளும் உள்கட்டமைப்பு என்று கருதிப் பணம் தருகிறது. 1957-இல் வந்த ஃபோர்ட்ரானின் கருவிகளுக்கும் தந்தது, பி.எச்.பி. அறக்கட்டளைக்கும் தந்தது. அமெரிக்க அனுபவம் கசப்பானது. தேசிய அறிவியல் அறக்கட்டளையிடமிருந்து 15 லட்சம் டாலர் பெறும் நிலையில் இருந்த பைத்தான் அறக்கட்டளை, 2025 அக்டோபரில் அந்த விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றது. பன்மைத்துவம் சார்ந்த பணிகளைக் கைவிட வேண்டும், மீறினால் கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்கலாம் என்ற நிபந்தனை காரணம். ஆண்டுச் செலவே 50 லட்சம் டாலர் அளவில் இருக்கும் அமைப்புக்கு இது சிறிய தொகை அல்ல. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் உலகெங்கும் பைத்தான் கூட்டங்களுக்குத் தந்துவந்த நல்கையைப் பணமில்லை என்று நிறுத்திவைத்திருந்தது. செய்தி வெளியானதும் தனிநபர் நன்கொடைகள் குவிந்தன. ஆனாலும் ஆண்டுதோறும் கோபத்தை நம்பி வரவு செலவுத் திட்டம் போட முடியாது.

நம் பக்கத்துக்கு வருவோம். கூகுள் 2005-இல் தொடங்கிய கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தின் முதல் பத்தாண்டில் அதிக மாணவர்களை அனுப்பிய கல்வி நிலையம் அமெரிக்காவில் இல்லை. அது இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகம். இந்தியக் கல்லூரிகளும் பட்டியலில் ஏராளம். ஆகவே திறமையும் ஆர்வமும் இங்கே இல்லை என்று சொல்ல வழியில்லை. குறை எங்கே என்றால், கோடை முடிந்து உதவித்தொகை நின்றதும் பலர் வேலைக்குப் போய்விடுகிறார்கள், அந்த வேலை இடங்கள் அவர்களுக்குத் தொடர்ந்து பங்களிக்க நேரம் தருவதில்லை. இந்தியாவில் அறக்கட்டளை வைத்து வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கும் அந்நியப் பங்களிப்புச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பெங்களூருவின் ஸெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கி, ஒரு திட்டத்துக்குப் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் டாலர் வரை தரும் ஃப்ளாஸ் ஃபண்டை அறிவித்தது. இந்திய நிறுவனமொன்று உலகத் திட்டங்களுக்குப் படியளக்கிறது என்பது பெருமைக்குரியதே. அதேவேளை, தமிழிலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி, தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தில் வளர்ந்தது.

2024-இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் பிளெட்ஜ் என்ற இயக்கம் நிறுவனங்களிடம் ஓர் எளிய கணக்கை வைக்கிறது. உங்களிடம் வேலை செய்யும் நிரலாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் வீதம் பராமரிப்பாளர்களுக்குக் கொடுங்கள் என்பதே அது. அந்தத் தொகை சென்னையிலோ கோவையிலோ இருக்கும் சிறு நிறுவனத்துக்கு அதிகம்தான். அதில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலும் நல்லது. அல்லது வாரத்துக்கு ஒரு பிற்பகலை, நீங்கள் பயன்படுத்தும் மொழியில் தேங்கிக் கிடக்கும் பேட்சுகளை ரிவ்யூ செய்ய உங்கள் நிரலாளர்களுக்கு விட்டுக்கொடுங்கள். பணமாகத் தருவதென்றால், புதிய அம்சம் எதையும் கேட்காதீர்கள். பராமரிப்புக்கு என்று மட்டும் எழுதிக்கொடுங்கள்.